வலி மாத்திரைக்குப் பெயர் என்ன?

சோழவந்தான் பக்கம் நடவு வேலை. பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். காலையில் குனிந்த முதுகு மதியம்தான் நிமிர்கிறது.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை குவிந்து கிடக்கிறது. பொழுது புலரும் முன்பே யாரோ செடிக்குச் செடி குனிந்து அந்த மொட்டுகளைப் பறித்திருக்கிறார்கள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் விரல்கள் நாள் முழுவதும் மடங்கியே இருக்கின்றன. மூட்டை தூக்குகிறவரின் முழங்கால் பாரத்தைத் தாங்கித் தேய்கிறது.

உழைத்த உடம்பு வலிக்கத்தான் செய்யும். வயது 50-ஐத் தாண்டினால் பலருக்கு முழங்கால் பிடிக்கிறது. இடுப்பு வலிக்கிறது. விரல் மடங்க மறுக்கிறது.

மறுநாள் வேலைக்குப் போனால்தான் கூலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே, சாயங்காலம் வீடு திரும்பும்போது கால்கள் தாமாகவே மருந்துக் கடைப் பக்கம் திரும்புகின்றன.

"அண்ணே, மூட்டுவலிக்கு நாலு மாத்திரை கொடுங்க."

அட்டையில் இருந்து மாத்திரைகளை வெட்டி, ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள். ஒன்று சிவப்பு. ஒன்று மஞ்சள். ஒன்று வெள்ளை. டீயோடு விழுங்கினால் ஒரு மணி நேரத்தில் வலி குறைகிறது. மறுநாளும் வேலைக்குப் போக முடிகிறது.

"என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?" என்று பிறகு ஒரு நாள் டாக்டர் கேட்டால், "சிவப்பு மாத்திரை" என்றுதான் பதில் வரும். பெயர் தெரியாது.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மாத்திரை என்ன செய்கிறது?

மூட்டு வலிக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுகிற மாத்திரைகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், இபுப்ரோபென், நாப்ராக்சன், இண்டோமெதாசின், நிமசுலைடு, எடோரிகாக்சிப் எல்லாம் அண்ணன் தம்பிகள். ஆஸ்பிரின் இவர்களுக்கெல்லாம் மூத்தவர்.

உடம்பில் ஓர் இடத்தில் அடிபட்டாலோ, மூட்டு தேய்ந்தாலோ, அங்கே புராஸ்டகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. வீக்கம், சூடு, வலி ஆகியவற்றை அதுதான் கூட்டுகிறது. அதைச் சுரக்கவிடாமல் இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. ஆகவே வீக்கம் வடிகிறது; வலி குறைகிறது.

இதை 1971-ம் ஆண்டு கண்டுபிடித்தவர் ஜான் வேன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. 1982-ம் ஆண்டு இவருக்கும், சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் மாத்திரையால் நன்மைதானே? நன்மை உண்டு. ஆனால் வலியைத் தூண்டுகிற அதே பொருளுக்கு உடம்பில் நல்ல வேலைகளும் இருக்கின்றன. இரைப்பையின் உள்தோலைப் புளிப்பு நீர் அரிக்காமல் அது காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. மாத்திரை விழுங்கினால் மூட்டில் மட்டும் அல்ல, வயிற்றிலும் சிறுநீரகத்திலும் அதன் சுரப்பு குறைகிறது.

வயிற்றில் புண்

காவல் போன இரைப்பையில் புண் வரலாம். புண்ணில் இருந்து ரத்தம் கசியலாம். சிலருக்கு முதலில் நெஞ்செரிச்சலும் வயிற்றுவலியும் வரும். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் நேரே ரத்தக் கசிவு வந்துவிடும்.

மலம் தார் போலக் கறுத்துப் போவதும், வாந்தி காப்பித் தூள் நிறத்தில் வருவதும் அந்த ரத்தத்தின் அடையாளம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். என்றாலும், வலி மாத்திரை சாப்பிடுகிறவர் "அதனால்தான் இருக்கும்" என்று தாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும்.

வெறும் வயிற்றில் சாப்பிடாமல், சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுவது நல்லது. ஆனால் அது முழுக் காவல் ஆகாது. புண் வரும் ஆபத்து உள்ளவருக்கு, புளிப்பு நீரைக் குறைக்கும் மாத்திரை ஒன்றையும் டாக்டர் சேர்த்துக் கொடுப்பார். அது வயிற்றைக் காக்கும். சிறுநீரகத்தையும் இருதயத்தையும் காக்காது.

கழுகு சொன்ன பாடம்

இந்த மருந்து சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை உண்டு. நடந்த கதை.

ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. பாறு என்றும் இவற்றைச் சொல்வார்கள். 1990-ம் ஆண்டுகளில் அவை கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துவிட்டன. காரணம் யாருக்கும் புரியவில்லை.

2004-ம் ஆண்டு விடை கிடைத்தது. பாகிஸ்தானில் ஆராய்ச்சி செய்தவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். மாடுகளுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோபினாக் மருந்துதான் காரணம்! மருந்து போட்ட மாடு செத்தால், அதன் உடலில் மருந்து தங்கியிருக்கும். அந்த இறைச்சியைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டது. சில நாட்களில் கழுகு செத்தது.

2006-ம் ஆண்டு மாடுகளுக்கு டைக்ளோபினாக் கொடுப்பதை இந்திய அரசு தடை செய்தது. மனிதருக்கான பெரிய ஊசி மருந்துக் குப்பிகளை வாங்கி மாடுகளுக்குப் போட்டார்கள். எனவே 2015-ம் ஆண்டு அந்தப் பெரிய குப்பிகளுக்கும் தடை வந்தது. 2023-ம் ஆண்டு அசிக்ளோபினாக், கீட்டோபுரோபென் என்ற இரண்டு மருந்துகளையும் கால்நடைகளுக்குக் கொடுக்கத் தடை விதித்தார்கள். தமிழ்நாட்டில் எஞ்சிய கழுகுகளில் பெரும் பகுதி நீலகிரி மாவட்டம் மோயாறு பள்ளத்தாக்கை அண்டி வாழ்கிறது.

மனித உடம்பு கழுகின் உடம்பு அல்ல. ஒரு மாத்திரையில் நம் சிறுநீரகம் கெட்டுவிடாது. கழுகின் உடம்பு அந்த மருந்தைத் தாங்கவே தாங்காது. நம் உடம்பு அளவோடு தாங்கும். அளவு மீறினால், நாட்கள் நீண்டால், உடம்பில் நீர் வற்றியிருந்தால், நமக்கும் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

மதுரைச் சீமைக்கு இது முக்கியமான செய்தி. சித்திரை, வைகாசியில் இங்கே அடிக்கிற வெயில் சாதாரணமானதா? களத்திலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிறவருக்கு வியர்வையாகவே உடம்பு நீர் வடிந்துவிடுகிறது. நீர் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். அப்போது ரத்தக் குழாயை விரித்துக் கொடுத்து உதவுவது அந்தப் புராஸ்டகிளாண்டின்தான். வலி மாத்திரை அந்த உதவியையும் நிறுத்திவிடும்.

ஆகவே வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும்போதும், கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்த நாளிலும் இந்த மாத்திரை வேண்டாம். மோரும் நீராகாரமும் தண்ணீரும் குடித்து உடம்பைத் தேற்றுவதுதான் முதல் வேலை.

இருதயத்துக்கும் எச்சரிக்கை

வயிற்றைப் புண்ணாக்காத மாத்திரை வேண்டும் என்று விஞ்ஞானிகள் தேடினார்கள். ரோபிகாக்சிப் என்ற மாத்திரை வந்தது. உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் சாப்பிட்டார்கள். அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று பிறகு தெரிந்தது. 2004-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, அதைத் தயாரித்த கம்பெனியே உலகச் சந்தையில் இருந்து திரும்பப் பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவும் தடை செய்தது.

அதோடு கதை முடியவில்லை. ஆஸ்பிரின் தவிர, இந்தக் குடும்பத்து மற்ற மாத்திரைகளும் இந்த ஆபத்தைக் கொஞ்சமாவது கூட்டக்கூடும் என்று தெரிய வந்தது. சாப்பிடத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே இது நேரலாம் என்று 2015-ம் ஆண்டு அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

இருதயத்துக்காக டாக்டர் சின்ன ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்திருக்கலாம். இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்! அது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து. அதை நிறுத்துவதும் தொடர்வதும் டாக்டர் சொல்கிறபடிதான்.

ஒரே மருந்துக்கு இரண்டு பெயர்

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பத்தாவுக்கு 65 வயது. முழங்கால் வலி. ரத்தக்கொதிப்பும் உண்டு. அதற்கான மாத்திரை, 2021-ம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடி வருகிறது.

முழங்காலுக்கு ஊர்க் கடையில் வாங்கிய மஞ்சள் மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதற்குள் மதுரையில் வேலை பார்க்கும் மகன் வருகிறான். "அம்மா, இது நல்ல மாத்திரை" என்று ஓர் அட்டையைக் கொடுக்கிறான். அது மதியம் ஒன்று. பக்கத்து வீட்டு மதினி தன் பங்குக்கு ஒன்று கொடுக்கிறாள்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரன் அட்டைகளை எடுத்து ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கிறான்.

"அப்பத்தா! மேலே போட்டிருக்கிற பேருதான் வேற. கீழே ரெண்டுலயும் டைக்ளோபினாக்னுதான் போட்டிருக்கு!"

பேரன் சொன்னது சரி. பெரும்பாலான அட்டைகளில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். மற்றது உள்ளே இருக்கும் மருந்தின் பெயர். கம்பெனிப் பெயர் நூறு இருக்கலாம். பார்க்க வேண்டியது மருந்தின் பெயரை.

அப்பத்தா நாலு விதமான மருந்து சாப்பிடவில்லை. ஒரே மருந்தை அளவுக்கு மீறிச் சாப்பிட்டிருக்கிறாள். டைக்ளோபினாக்கோடு இபுப்ரோபென் சேர்த்தாலும் இதே தவறுதான். ஒரே குடும்பத்தில் இரண்டு மாத்திரை சேர்த்தால் வலி இரண்டு பங்கு குறையாது, ஆபத்துதான் கூடும்.

பல மாத்திரைகளில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். காய்ச்சலுக்கென்று தனியாகவும் பாராசிட்டமால் சாப்பிட்டால் அதுவும் இரட்டிப்பாகும். பாராசிட்டமால் வேறு குடும்பம். இரைப்பையைப் புண்ணாக்குவது குறைவு. ஆனால் அளவு மீறினால் கல்லீரல் கெடும். நல்ல உடம்புள்ள பெரியவருக்கே ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை 8-க்கு மேல் கூடாது. வயதானவர், மெலிந்தவர், மது குடிப்பவர், கல்லீரல் நோய் உள்ளவருக்கு அந்த அளவும் அதிகம். டாக்டரைக் கேட்க வேண்டும்.

காகிதப் பொட்டலத்தில் இன்னோர் ஆபத்தும் ஒளிந்திருக்கலாம். சில சமயம் அதில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கும். சாப்பிட்டதும் வலி பறந்துபோகும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு பலம் குறையும். நெடுநாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே அட்டை இல்லாத மாத்திரையை வாங்காதீர்கள்.

யாருக்கு ஆகாது?

கீழே சொல்லப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை சாப்பிடக் கூடாது:

65 வயதைத் தாண்டியவர்கள்.

வயிற்றுப்புண் இருக்கிறவர்கள், முன்பு இருந்தவர்கள்.

சிறுநீரக நோய், இருதய நோய், பக்கவாதம், கல்லீரல் நோய் உள்ளவர்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள்.

ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். எனாலபிரில், லோசார்டான் போன்ற மாத்திரையோடு, சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் மிக மிகக் கவனமாக இருக்க வேண்டும். இவற்றோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படலாம்.

ஆஸ்துமா உள்ளவர்கள். சிலருக்கு ஆஸ்பிரினோ அதன் தம்பிகளோ மூச்சுத் திணறலைக் கொண்டுவரும்.

கர்ப்பிணிகள். அதிலும் 20 வாரத்துக்குப் பிறகு வயிற்றில் உள்ள குழந்தையின் சிறுநீரகத்துக்கே கேடு வரலாம்.

குழந்தைகளுக்குப் பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு நிமசுலைடு கொடுப்பதை இந்திய அரசு 2011-ம் ஆண்டு தடை செய்தது.

காய்ச்சலோடு வரும் மூட்டுவலி

2006-ம் ஆண்டை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிக்குன்குனியா வந்தது. தமிழ்நாடு முழுவதும் கிராமம் கிராமமாக மக்கள் மூட்டைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டுவலி போகவில்லை. வலி மாத்திரை பல வீடுகளில் பழக்கமானது.

கொசு கொண்டுவரும் காய்ச்சல் இன்னொன்றும் உண்டு. அது டெங்கு. இரண்டும் தொடக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும். காய்ச்சல், உடம்புவலி, மூட்டுவலி. டெங்குவில் ரத்தக் கசிவு ஏற்படலாம். அந்த நேரத்தில் ஆஸ்பிரின், இபுப்ரோபென், டைக்ளோபினாக் சாப்பிட்டால் கசிவு கூடும். ஆகவே மழைக்காலக் காய்ச்சலுக்கு, டெங்கு இல்லை என்று டாக்டர் சொல்லும் வரை அளவோடு பாராசிட்டமால் மட்டுமே.

எப்படிச் சாப்பிட வேண்டும்?

டாக்டர்கள் சொல்லும் வழி சுருக்கமானது. குறைந்த அளவு, குறைந்த நாட்கள்.

மூன்று நாளைக்கு என்றால் மூன்று நாள். வலி நின்றால் மாத்திரையையும் நிறுத்தலாம். வலி நிற்கவில்லை என்றால் மாத்திரையைக் கூட்டக் கூடாது. டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும்.

மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். வயிற்றில் கரையாமல் குடலில் கரையும்படி மேல்பூச்சு பூசிய மாத்திரைகள் உண்டு. அவற்றை உடைக்கவும் பொடிக்கவும் கூடாது. வலி மாத்திரை சாப்பிடும் நாளில் சாராயம், பிராந்தி கூடவே கூடாது.

அட்டையின் மேல் கால் வெட்டிய ஆங்கில எழுத்து "ஆர்" போல ஒரு குறி இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. சீட்டைக் காட்டி வாங்குங்கள்.

மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய நோயாளிகளும் உண்டு. அவர்கள் ரத்தக்கொதிப்பையும் சிறுநீரகத்தையும் ரத்தத்தையும் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரைக்கு முன்னால்

முழங்காலிலும் விரல் மூட்டிலும் வலி என்றால், அதே டைக்ளோபினாக் களிம்பாகவும் கிடைக்கிறது. தேய்த்த இடத்தில் வேலை செய்யும். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. பலருக்கு மாத்திரைக்கு முன்னால் களிம்பே நல்ல வழி. புண் உள்ள தோலில் தடவக் கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேரே நீட்டுங்கள். தொடையை இறுக்கி ஐந்து எண்ணுங்கள். பிறகு இறக்குங்கள். இரண்டு காலுக்கும் பத்துப் பத்துத் தடவை. தொடைச் சதை பலப்பட்டால் முழங்காலுக்குப் பாரம் குறையும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது. வலது கால் வலித்தால் ஊன்றுகோலை இடது கையில் பிடிக்க வேண்டும். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

எல்லா மூட்டுவலியும் தேய்மானமும் அல்ல. காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் ஒரு மணி நேரம் விறைத்து நின்றால், அது முடக்குவாதமாக இருக்கலாம். வலி மாத்திரை வலியை மறைக்கும். மூட்டு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். அதற்கு வேறு மருந்து உண்டு. சீக்கிரம் தொடங்கினால் விரல் கோணாமல் காப்பாற்றலாம். ஒரே மூட்டு வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியும், ஊர்தோறும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களும் இதற்காகத்தான் இருக்கின்றன.

உடனே ஓடுங்கள்!

வலி மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுத்தால், ரத்த வாந்தி எடுத்தால், சிறுநீர் குறைந்து முகமும் காலும் வீங்கினால், மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், ஒரு பக்கம் கை கால் விழுந்தால், உடம்பெல்லாம் தடித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-க்குப் போன் செய்தால் வண்டி வரும். மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள்.

அப்பத்தா வீட்டுக்குத் திரும்புவோம். பேரன் மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டான். அப்பத்தாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனான். டப்பாவைப் பார்த்த டாக்டர் அம்மாள் இரண்டு அட்டைகளை எடுத்து ஓரமாக வைத்தார். ரத்தமும் சிறுநீரும் சோதிக்க எழுதினார். முழங்காலுக்குக் களிம்பு கொடுத்தார்.

"இனிமே எந்த மாத்திரை வாங்கினாலும் மூணு கேள்வி கேளுங்க, பாட்டி. மருந்துக்குப் பேர் என்ன? எத்தனை நாளைக்கு? ரத்தக்கொதிப்புக்காரங்களுக்கு ஆகுமா?"

அப்பத்தாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. கேட்கத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் பேரன் அட்டையின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, மருந்தின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதினான். அப்பத்தா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

உங்கள் வீட்டு டப்பாவையும் இன்றைக்குத் திறந்து பாருங்கள்.